ஒரு டேப்லெட், நாலு பேர், ஒரே இலக்கு

என் தெரபி அறையில் இருப்பதில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், பாரலல் பாரை விட்டுவிடுவேன், கைப்பயிற்சிப் பலகையையும் விட்டுவிடுவேன். மேஜை மேல் கிடக்கும் அந்த டேப்லெட்டை மட்டும் யாருக்கும் தர மாட்டேன். தென்காசிப் பக்கத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக வேலை பார்க்கிற எனக்கு, இந்தத் தொழிலில் இவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்த கருவி வேறு கிடையாது. யாரைப் பார்த்தாலும் இதைப் பற்றித்தான் பேசுகிறேன். இப்போது எழுதவும் வந்துவிட்டேன்.

பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பியவரைக் கூட்டிக்கொண்டு குடும்பம் வரும். "என்ன எதிர்பார்த்து வந்திருக்கீங்க?" என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் சொல்வது ஒரே பதில்தான்: "பழையபடி நடக்கணும் மேடம்." சொல்வது மகனாக இருக்கும், இல்லாவிட்டால் மருமகளாக இருக்கும். யாருக்கு வாதம் வந்ததோ அவர் வீல்சேரில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் தெரபிஸ்ட் ஃபைலைத் திறந்து ஆங்கிலத்தில் நாலு வரி இலக்கு எழுதுவார். அது டாக்டருக்குப் புரியும், பிசியோவுக்குப் புரியும். யாருடைய கையும் காலும் அதற்காக மாதக்கணக்கில் பாடுபடப் போகிறதோ, அவர் அந்த வரியைப் படித்தே இருக்க மாட்டார். எத்தனையோ இடங்களில் இன்றைக்கும் இதுதான் நடைமுறை.

டேப்லெட் வந்ததும் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிட்டது. வழிகாட்டியவர்கள் ஜப்பானியர்கள். கோனோசுகே டோமோரி என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் அவருடைய சகாக்களும் 'ஏடாக்' என்று ஒரு ஐபேட் செயலியை உருவாக்கினார்கள். அதைப் பயன்படுத்தியது பற்றிய ஆய்வுக் கட்டுரை 2012-ல் வெளியானது. செயலியைத் திறந்தால் அன்றாட வாழ்க்கையின் செயல்கள் 95 படங்களாக வரும். குளிப்பது, சமைப்பது, வெளியே போவது, நண்பர்களைப் பார்ப்பது, பொழுதுபோக்கு என்று வகை வகையாகப் பிரித்திருப்பார்கள். நோயாளி தனக்கு முக்கியமானதைத் தொடுவார். தெரபிஸ்டும் தன் பங்குக்குத் தொடுவார். அதன் பிறகு இரண்டு பேரும் பேசி, அதிகபட்சம் ஐந்து இலக்குகளுக்கு வந்து சேருவார்கள். என்னை மயக்கியது அந்த இரண்டாவது கட்டம்தான். நோயாளி கேட்டதை அப்படியே எழுதிக்கொள்வதும் இல்லை, தெரபிஸ்ட் நினைத்ததைத் திணிப்பதும் இல்லை. இரண்டு பேர் விருப்பமும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் தெரிகிறது. பேச்சு அங்கிருந்து தொடங்குகிறது.

அதைப் பார்த்ததில் இருந்து நம்ம ஊர் வாழ்க்கைக்கு ஒரு படத்தொகுப்பு வேண்டும் என்று எனக்கு ஆசை. உடன் வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து போனிலேயே எடுத்தோம். வாசல் தெளித்துக் கோலம் போடுவது, கையால் பிசைந்து சாப்பிடுவது, வேட்டி கட்டுவது, புடவைக் கொசுவம் செருகுவது, பூக் கட்டுவது, கிரைண்டரில் மாவு அள்ளுவது, டவுன் பஸ்ஸில் ஏறுவது, ரேஷன் கடையில் கைரேகை வைப்பது, கிணற்றடியில் உட்கார்ந்து துணி துவைப்பது, தரையில் சம்மணம் போட்டு எழுந்திருப்பது, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவது. கடைசிப் படம் எங்கள் பகுதிக்கு ரொம்ப முக்கியம். பீடி சுற்றிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு.

அப்படி ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அறுபதைத் தாண்டியவர். வலது கையும் காலும் வாதத்தில் தளர்ந்துபோயிருந்தன. கூடவே மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். டேப்லெட்டை அந்த அம்மாவின் இடது கைக்கு எட்டுகிற மாதிரி ஸ்டாண்டில் வைத்தேன். "நீங்க எதைத் திரும்பச் செய்யணும்னு ரொம்ப ஆசைப்படுறீங்களோ, அந்தப் படத்தைத் தொடுங்கம்மா. யாரும் குறுக்கே பேச மாட்டாங்க" என்றேன்.

"அம்மா முறத்தைத்தான் தொடுவாங்க மேடம், வேணும்னா பாருங்க" என்றார் மகன்.

அந்த அம்மா முறத்தைப் பார்த்தார். ஒரு நொடி நின்று, தள்ளினார். கோலத்தைத் தள்ளினார். அடுப்பையும் தள்ளினார். குளியலறை வகையில் ஒரு சாதாரணப் படம் இருந்தது, பாத்ரூம் கதவு, உள்பக்கத் தாழ்ப்பாளோடு. அதன் மேல் விரலை வைத்து எடுக்கவே இல்லை.

"உள்ளார தாப்பா போட்டுக்கிடணும் தாயி. அது போதும்."

வாதம் வந்த நாளில் இருந்து அவர் குளிக்கும்போதும் மற்ற நேரத்திலும் மருமகள் உள்ளே நின்றுகொண்டிருந்திருக்கிறார். விழுந்துவிடக் கூடாதே என்ற பயம், பாசம். அந்தப் பெண் கண் கலங்கிப்போய், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அத்தை?" என்றார். "நீ பயப்படுவேல்லா" என்றார் மாமியார். மகன் ஒன்றும் பேசவில்லை. நடை, நடை என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த அந்த வீட்டில், தாழ்ப்பாள் என்ற சொல் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வெளியே வந்தது. எந்த மதிப்பீட்டுப் படிவத்தில் இது வந்திருக்கும் சொல்லுங்கள்? "கழிப்பறை பயன்பாடு: உதவி தேவை" என்று ஒரு கட்டம் இருக்கும். தாழ்ப்பாளுக்குக் கட்டம் கிடையாது.

எனக்கும் ஒரு கவலை இருந்தது. கதவைத் தாழிட்டு உள்ளே விழுந்தால் யார் போய்த் தூக்குவது? என் பங்குக்கு நான் தொட்ட படம் 'விழாமல் இருப்பது'. இரண்டு படமும் திரையில் அருகருகே நின்றன. நாலு பேரும் அதைப் பார்த்தே பேசினோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேசினால் அம்மா ஜெயிக்கணுமா மேடம் ஜெயிக்கணுமா என்று போயிருக்கும். எல்லோர் கண்ணும் திரையில் இருந்ததால், இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்ற பேச்சாக மாறியது. அன்று சாயங்காலமே மகன் வீட்டு பாத்ரூம் கதவைப் படம் எடுத்து அனுப்பினார். தாழ்ப்பாள் கதவின் உச்சியில் இருந்தது, வலது கையால் எட்டிப் போடுகிற மாதிரி. ஆசாரியைக் கூப்பிட்டு அதை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, இடது கைக்கு வசதியாக மாற்றி, அவசரத்துக்கு வெளியில் இருந்து ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பினால் திறக்கிற வகையாகப் போட்டார்கள். சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்றும் ஏறியது.

இலக்கை எப்படிப் படி பிரித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் வேலையே இருக்கிறது. 1968-ல் அமெரிக்காவில் தாமஸ் கிரெசுக், ராபர்ட் ஷெர்மன் என்ற இருவர் மனநலச் சிகிச்சைக்காக ஓர் அளவுமுறையை வெளியிட்டார்கள். இலக்கை எட்டும் அளவை ஐந்து நிலைகளில் எழுதும் முறை அது. நடுவில் இருக்கும் பூஜ்யம்தான் எல்லோரும் பேசி எதிர்பார்க்கும் நிலை. அதற்குக் கீழே மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு. எதிர்பார்த்ததைத் தாண்டினால் பிளஸ் ஒன்று, பிளஸ் இரண்டு. ஒவ்வொருவருக்கும் ஐந்து நிலைகளையும் தனித்தனியாக எழுத வேண்டும் என்பதே இதன் சிறப்பு. எங்கள் திரையில் மைனஸ் குறி வராது. அதைப் பார்த்தால் பரீட்சையில் மார்க் குறைந்த மாதிரி பெரியவர்கள் முகம் வாடிவிடுகிறது. அதனால் ஐந்து படிக்கட்டுகள் வரைந்து, ஒவ்வொரு படியிலும் அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுகிறோம். அந்த அம்மாவின் படிகள் இப்படி இருந்தன: கீழ்ப்படியில் 'மருமகள் உள்ளே நிற்கிறாள்'. அடுத்து 'வெளியே நிற்கிறாள், கதவு ஒருச்சாய்ச்சு இருக்கு'. நடுப்படியில் 'கதவு சாத்தியிருக்கு, தாழ்ப்பாள் இல்லை'. நாலாவதில் 'பகலில் தாழ்ப்பாள் போடுகிறேன்'. உச்சியில் 'ராத்திரியும் நானே போய் வருகிறேன்'.

இப்போது பயிற்சிக்கெல்லாம் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நாற்காலியில் இருந்து எழுந்து உட்காரு என்றால் முன்பு முகம் சுளித்தவர், "இது கமோடு உயரம்மா" என்றதும் கேட்காமலே இன்னும் நாலு தடவை எழுந்தார். நின்றபடி இடது கையை நீட்டித் தாழ்ப்பாளைத் தொடுவதற்கு உடல் சமநிலை வேண்டும், தளர்ந்த வலது கை கம்பியில் ஊன்ற வேண்டும், திரும்பும்போது வலது பாதம் பின்னாமல் வர வேண்டும். நாங்கள் படித்த பாடம் முழுக்க அந்த ஒரு தாழ்ப்பாளுக்குள் இருந்தது!

கனடாவில் உருவாகி 1991-ல் முதல் பதிப்பு வந்த ஓர் அளவுகோலையும் இதோடு சேர்த்துப் பயன்படுத்துகிறோம். உலகமெங்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்குப் பழக்கமானதுதான். இந்தச் செயலை எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள், அதில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி என்று இரண்டு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை நோயாளியே மதிப்பெண் போட வேண்டும். இரண்டு புள்ளி ஏறினாலே பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். டேப்லெட்டில் ஒரு பட்டையை விரலால் இழுத்தால் எண் மாறும். முதலில் செயலுக்கு 2, திருப்திக்கு 1 என்று நிறுத்திய அந்த அம்மா, நாலாம் படிக்கு ஏறிய பிறகு செயலுக்கு 7 வைத்தார். திருப்திப் பட்டையை ஒரே இழுப்பில் கடைசி வரை கொண்டுபோனார். அதற்கு மேலே இழுக்க இடம் இல்லை என்று அவருக்குக் குறைதான். அடுத்த இலக்கை நான் கேட்கவே இல்லை, அவரே முறத்தைத் தொட்டுவிட்டார்.

சரி, 'பகிர்வது' எங்கே வருகிறது? படிக்கட்டும் மதிப்பெண்ணும் ஒரு கூகுள் ஷீட்டில் ஏறும். யார் யார் பார்க்கலாம் என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும், இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. மகன் பார்க்கலாம், வெளியூரில் இருக்கும் மகள் பார்க்கலாம், பிசியோ பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபிஸ்டும் இதே ஷீட்டைப் பார்த்துவிட்டுப் பயிற்சி கொடுத்தால் எப்படி இருக்கும்! எங்களிடம் வந்த சில வீடுகளில் அது நடந்தது. ஒருவர் நடையையும் இன்னொருவர் கையையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த நிலை போய், இருவரும் ஒரே படிக்கட்டுக்கு வேலை செய்தார்கள். பயிற்சி முடிந்தால் வீட்டில் இருப்பவர் பச்சை டிக் போடுவார். சிலர் சின்ன வீடியோ அனுப்புவார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது. தாழ்ப்பாள் அம்மா வீடியோவே கூடாது என்று சொல்லிவிட்டார். டிக் மட்டும்தான்.  நாலாம் படியில் முதல் டிக் விழுந்த அன்று வெளியூர் மகள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் முதலில் அழுகைதான் கேட்டது, பிறகுதான் பேச்சு.

பேச்சே போனவர்களுக்கு இந்தத் திரை செய்யும் உதவியை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. இடது மூளையில் வாதம் தாக்கினால் சிலருக்குச் சொல் வராது. உள்ளே எல்லாம் தெளிவாக இருக்கும். வாயில் வருவது வேறு ஏதோவாக இருக்கும். ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தில் ஜோன் மர்ஃபி உருவாக்கிய 'டாக்கிங் மேட்ஸ்' என்ற முறை இவர்களுக்கு வரப்பிரசாதம். ஒரு விரிப்பு, அதன் மேலே வேண்டும், தெரியவில்லை, வேண்டாம் என்று மூன்று அடையாளங்கள், படத்தை எடுத்து எதன் கீழே வைக்கிறார் என்பதே பதில். முதலில் சாதாரண விரிப்பாக இருந்தது, பிறகு டேப்லெட்டுக்கும் வந்துவிட்டது.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் வந்தார். வாயில் ஒரே ஒரு அசைதான் திரும்பத் திரும்ப வந்தது. "அவுகளுக்குக் கோயிலுக்குப் போறதுதான் உசிரு" என்று வீட்டம்மா உறுதியாகச் சொன்னார். அண்ணாச்சி கோயில் படத்தை எடுத்து 'தெரியவில்லை' பக்கம் வைத்தார். பேப்பர் படிப்பதை 'வேண்டாம்' பக்கம் தள்ளினார். டீக்கடைப் படம் வந்ததும் அதை 'வேண்டும்' பக்கம் வைத்து, விரலால் தட்டினார், மறுபடி தட்டினார். நான் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் விரல் கல்லாப்பெட்டி மேல் நின்றது. டீ குடிப்பதைக் கேட்கவில்லை. காசு எண்ணிக் கொடுத்து மீதி வாங்குவதைக் கேட்கிறார்! ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு ஆயிரம் பேருக்குச் சில்லறை கொடுத்த கை அது. அவருடைய இலக்கை அவரைத் தவிர யாராலும் சொல்லியிருக்க முடியாது. பத்து ரூபாய் நாணயமும் ஐந்து ரூபாய் நாணயமும் பிரிப்பதில் பயிற்சி ஆரம்பித்தது. தெருமுனைக் கடைக்காரர் தம்பியையும் அண்ணாச்சி சம்மதத்தோடு திட்டத்தில் சேர்த்துக்கொண்டோம். அவருக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: "அண்ணாச்சி எண்ணி முடிக்கிற வரைக்கும் காத்திருங்க, எடுத்துக்காதீங்க."

எங்கள் பகுதியில் இருந்துகொண்டு ஆய்க்குடியைப் பற்றிச் சொல்லாமல் போனால் தப்பு. கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975-ல் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் சங்கம் வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்காக 'எனேப்ளிங் இன்க்ளூஷன்' என்ற செயலியைப் பயன்படுத்துகிறது. கிராமத்தில் வீடு வீடாகப் போகும் சமூக மறுவாழ்வுப் பணியாளர், குழந்தையின் நிலையையும் குடும்பத்தோடு பேசி வைத்த இலக்கையும் முன்னேற்றத்தையும் அதில் பதிகிறார். தூரத்தில் இருக்கும் நிபுணர் அதைப் பார்த்து வழி சொல்கிறார். பெரிய நகரத்து ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற முடியாத தாய்க்கு அவள் வீட்டுத் திண்ணையிலேயே இது கிடைக்கிறது. இப்படி ஒரு வேலை நம் மண்ணில் நடக்கிறது என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

கூடிப் பேசி இலக்கு வைப்பது திரை வந்த பிறகு பிறந்த யோசனை கிடையாது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். உட்கார்ந்த நிலையிலேயே கை அறுவைச் சிகிச்சை செய்யலாமே என்ற வழியை டாக்டர் பால் பிராண்ட் காட்டினார். மேரி வீல்சேரில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையை வேலூரில் வளர்த்தெடுத்தார். அங்கே 1966-ல் மறுவாழ்வு மையம் எழுந்தது. 'நடக்க வேண்டும்' என்ற இடத்தில் நிற்காமல், 'என் வேலையைச் செய்ய வேண்டும்' என்று இரண்டு பேர் சேர்ந்து கண்டுபிடித்த இலக்கு அது. பால் பிராண்டைப் போல ஒருவர் எல்லா ஊரிலும் இருக்க மாட்டார். அந்த மாதிரி ஓர் உரையாடலை எல்லா ஊரிலும் தொடங்கிவைக்க ஒரு டேப்லெட்டால் முடியும். என் உற்சாகத்துக்குக் காரணம் இதுதான்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. நியூசிலாந்தின் வில்லியம் லெவாக் தலைமையில் 2015-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, 2846 பேர் பங்கேற்ற 39 ஆய்வுகளை எடுத்து அலசியது. இலக்கு வைத்துச் செய்யும் மறுவாழ்வு, வாழ்க்கைத் தரத்தையும் 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கையையும் உயர்த்தலாம் என்றது. சான்றின் தரம் இன்னும் உயர வேண்டும் என்றும் சொன்னது. கையும் காலும் வேகமாகத் தேறும் என்று அது உறுதி தரவில்லை, நானும் தர மாட்டேன். ஆனால் நம்பிக்கை ஏறுவதை நான் தினமும் எதிரில் உட்கார்ந்து பார்க்கிறேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரையைப் பார்க்கிறார், பிறகு என் முகத்தைப் பார்க்கிறார், பிறகு மகனைப் பார்த்து "நீ சும்மா இரு, நான் சொல்லுதேன்" என்கிறார். இந்த மூன்றாவது கட்டத்துக்காகவே நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

டேப்லெட் வாங்க வசதி இல்லையே என்று எந்த மையமும் தயங்க வேண்டாம். பழைய ஸ்மார்ட்போன் போதும். படங்களை உங்கள் ஊரிலேயே எடுங்கள். மீனவர் குப்பத்தில் வலை பின்னுவது இருக்கட்டும், தேயிலைத் தோட்டத்தில் கூடை சுமப்பது இருக்கட்டும். குளியலறைக் கதவைக் கண்டிப்பாகச் சேருங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது பக்கவாதத்தில் இருந்தோ, முதுகுத்தண்டு அடியில் இருந்தோ, பெரிய ஆபரேஷனில் இருந்தோ மீண்டுகொண்டிருந்தால், அடுத்த முறை தெரபிக்குப் போகும்போது தெரபிஸ்டிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இவங்களுக்கு என்ன இலக்கு எழுதியிருக்கீங்க? தமிழில் காட்டுங்க." அதற்கு முன்னால் வீட்டில் போனைக் கையில் எடுத்து, அவர் தினமும் புழங்கிய இடங்களையும் பொருள்களையும் படம் எடுத்து அவர் முன்னால் வையுங்கள். அவர் தொடுகிற வரைக்கும் நீங்கள் வாய் திறக்காதீர்கள்.